இளங்குதிரையில் நம்பிக்கை வளர்வது எங்கே: வேலியிட்ட களத்திலா, வெளிப்பாதையிலா?

சேணத்தையும் கடிவாளத்தையும் ஏற்கப் பழகிச் சில வாரங்களே ஆன மூன்று, நான்கு வயதுக் குதிரையில் ஏறுபவருக்கு, அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் சவாரி செய்திருந்தாலும், முதல் நாட்களில் ஒரு தயக்கம் இருக்கவே செய்யும். அந்தத் தயக்கத்தைக் கடக்க அனுபவம் உள்ளவர்கள் பொதுவாக மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். வேலியிட்ட களத்துக்குள்ளேயே, ஏறாமல் தரையில் நின்று தரும் தரைப்பயிற்சியும் குறுகிய சவாரியுமாகப் பல வாரங்களைக் கழிப்பது ஒன்று. நிதானமான மூத்த குதிரை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு விரைவிலேயே வெளிப்பாதைக்குச் செல்வது மற்றொன்று. குதிரையை மேலும் சில மாதங்களுக்குப் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டு, நன்கு பழகிய வேறொரு குதிரையில் நம்மை நாமே சரிசெய்துகொள்வது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டது, இவை மூன்றும் ஒரே குறையைத் தீர்ப்பவை அல்ல என்பதே.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் குதிரையின் உடலை நினைவில் கொள்ள வேண்டும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. நாம் அமரும் இடமும் அவற்றுக்கு அருகிலேயே இருப்பதால், நம் எடை சேர்ந்ததும் இளங்குதிரை தன் சமநிலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு வளர்கிற குருத்தெலும்புப் பகுதிகள், முழுமையாக மூட ஐந்தரை வயதோ அதற்கு மேலோ ஆகும். இரண்டரை வயது முதல் நாலரை வயது வரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துக்கொண்டிருப்பதால், கடிவாளம் வாயில் உறுத்துகிற நாட்களும் உண்டு. தலையை உதறுவதையும் வளைவில் தடுமாறுவதையும் அடங்காமை என்று எண்ணி நாம் அஞ்சும்போது, பல நேரங்களில் நாம் பார்த்துக்கொண்டிருப்பது வலியைத்தான், அல்லது இன்னும் கைவராத சமநிலையைத்தான்.

களத்தின் நன்மை வெளிப்படையானது. வேலி இருப்பதால் குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினாலும் வெகுதூரம் போக முடியாது. தரை மென்மையாக இருக்கும். நில், நட, திரும்பு என்ற மூன்று கட்டளைகளையும் கவனம் சிதறாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கலாம். குதிரை கற்பது அழுத்தத்தால் அன்று, அழுத்தம் விலகும் கணத்தால்தான் என்பதால், அது நின்ற அந்த நொடியிலேயே கையைத் தளர்த்தும் பழக்கத்தைச் சவாரியாளர் தமக்கு ஊட்டிக்கொள்ளக் களத்தைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஆனால் களத்தில் பெரும்பாலோர் செய்வது நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிடுவது. ஏறுவதற்கு முன் குதிரையைக் களைப்படையச் செய்தால் அது அடங்கிவிடும் என்ற எண்ணத்தில் அரை மணி நேரம் சுற்ற விடுவதை நான் ஏற்கவில்லை. நாள்தோறும் ஓடும் குதிரைக்கு உடல்வலு கூடும். சென்ற வாரம் இருபது நிமிடத்தில் களைத்தது இந்த வாரம் முப்பது நிமிடம் கேட்கும். சிறு வட்டத்தில் ஓயாமல் திரும்புவது வளரும் மூட்டுகளுக்கும் நல்லதன்று. வட்டம் 15 முதல் 20 மீட்டர் விட்டத்துக்குக் குறையாமல், நேரம் பத்து நிமிடத்துக்கு மிகாமல், குதிரையின் மனநிலையை அறிவதற்காக மட்டும் அது இருந்தால் போதும்.

அதைவிடப் பல மடங்கு பயன் தருவது, கடிவாளத்தின் இரு பக்கமும் நீண்ட வார்களைக் கட்டி, உதைக்கு எட்டாத தொலைவில் பின்னால் நடந்தபடி குதிரையை ஓட்டுவது. முதுகில் எடை இல்லாமலேயே கட்டளைகளைக் குதிரை கற்கிறது. முன்னால் கைபிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லாமல் தானே முதலில் சென்று புதியவற்றை எதிர்கொள்ளவும் பழகுகிறது. சவாரியாளருக்கு இதில் கிடைப்பது இன்னும் பெரிது. இந்தக் குதிரை மிரளும்போது பக்கவாட்டில் தாவுமா, அப்படியே உறைந்து நிற்குமா, சட்டென்று திரும்புமா என்பதைத் தரையில் நின்றபடியே அறிந்துகொண்டு ஏறுபவரின் அச்சம் பாதியாகிவிடுகிறது. கயிற்றைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் கற்ற பின்னரே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் வாரில் கால் சிக்கினால் இருவருக்கும் ஆபத்து.

களத்தின் குறையை ஒரு நான்கு வயதுப் பெட்டைக் குதிரையிடம் நான் கற்றேன். ஆறு வாரங்கள் களத்துக்குள் அது ஒரு பிழையும் செய்யவில்லை. எனக்கும் அச்சம் முழுவதும் தெளிந்துவிட்டது என்றே நம்பினேன். முதல் முறை வெளியே தனியாகச் சென்ற அன்று, காற்றில் படபடத்த ஒரு துணியைக் கண்டதும் அது நின்ற இடத்திலேயே சுழன்றது. நான் அதன் கழுத்தில் தொங்கிப் பின் தரையில் விழுந்தேன். காயம் பெரிதில்லை. ஆனால் அந்த ஆறு வாரங்களில் நான் நம்பியிருந்தது குதிரையை அன்று, வேலியை என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு இரண்டு வாரங்கள் அதே பாதையில் அதன் பின்னால் வார்களோடு நடந்தேன். அதன் பின்னரே ஒரு மூத்த குதிரையின் துணையோடு ஏறிச் சென்றேன்.

மூத்த குதிரையின் துணை ஏன் இவ்வளவு பயன்படுகிறது? குதிரை கூட்டமாக வாழும் விலங்கு; அருகில் உள்ள குதிரை மிரளவில்லை என்றால், அதைப் பார்த்தே தானும் அமைதியடைகிறது. நேரான பாதையில் நடப்பது சமநிலைக்கும் எளிது. முதல் சில நாட்கள் மூத்தது முன்னாலும், பின்னர் இரண்டும் இணையாகவும், அதன் பிறகு இளையது சில அடிகள் முன்னாலும் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். இந்த மாற்றம் இல்லாவிட்டால் துணையின்றி ஓரடியும் நகராத குதிரையாக அது வளர்ந்துவிடும். முதல் வாரங்களில் நடை மட்டும் போதும். இருபது, முப்பது நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். போகும்போது கவலையின்றிக் கடந்த மரக்கட்டையைக் கண்டு, திரும்பும்போது குதிரை மிரளுவதும் உண்டு. வேறு பக்கத்திலிருந்து பார்க்கும் பொருள் அதற்குப் புதுப் பொருளாகவே தோன்றக்கூடும். இது தெரியாதவர் அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். தெரிந்தவர் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க விடுகிறார்.

இந்த வழியின் ஆபத்தும் துணையில்தான் இருக்கிறது. மூத்தது மிரண்டு ஓடினால் இளையதும் ஓடும்; அப்போது வேலியும் இருக்காது. வயதில் மூத்தது என்பதற்காக மட்டும் ஒரு குதிரையைத் துணைக்கு எடுக்கக் கூடாது. அதன் மேல் அமர்பவரும் தம் குதிரையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவராக, இளையது தடுமாறினால் உடனே நிறுத்திக் காத்திருப்பவராக இருக்க வேண்டும்.

களமோ வெளிப்பாதையோ, நம் உடலின் நிலையைக் குதிரையிடமிருந்து மறைக்க முடியாது. சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையை நடத்திச் சென்றவர்களிடமும் சவாரி செய்தவர்களிடமும், அடுத்த முறை கடக்கும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. எனினும் மனிதர்களின் இதயத்துடிப்போடு குதிரைகளின் இதயத்துடிப்பும் உயர்ந்தது. அச்சம் பெரும்பாலும் நம்மிடமிருந்தே கிளம்புகிறது என்றால், குதிரைக்கு எத்தனை வாரப் பயிற்சி கொடுத்தும் பயன் குறைவு. அங்கேதான் மூன்றாவது வழி பொருந்துகிறது. வாரம் இரண்டு நாள் அனுபவமுள்ள குதிரையில் அமர்ந்து, கால்கள் அங்கவடியில் தளர்வாக இருக்கவும், மூச்சை அடக்காமல் விடவும், கை தன்னிச்சையாக இறுகாமல் இருக்கவும் பழகிய பின் இளங்குதிரைக்குத் திரும்புபவரிடம் காணும் மாற்றம் வியப்பூட்டுவது. பயிற்சியாளரிடம் விட்டுவைக்கும் காலத்தில் ஒரு குறை உண்டு: குதிரை அவருடைய கைக்குப் பழகுமே தவிர உங்கள் கைக்குப் பழகாது. கடைசிச் சில வாரங்களிலாவது அவர் பார்த்திருக்க நீங்களே ஏற வேண்டும். குதிரை மீண்டும் மீண்டும் முதுகை வளைத்துத் துள்ளுகிறது, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது என்றால், பல், முதுகு, சேணத்தின் பொருத்தம் ஆகியவற்றை உரியவர்களைக் கொண்டு பார்த்து, வலி இல்லை என்று உறுதியான பின் பயிற்சியாளரிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

நிறுத்தும் முறையிலும் இரண்டு கட்சிகள் உண்டு. மிரண்ட குதிரையை இரண்டு வார்களையும் சேர்த்து இழுத்து நிறுத்தப் பார்த்தால், அது அந்த இழுப்பை எதிர்த்தே ஓடும். ஒரு பக்க வாரை மட்டும் படிப்படியாக இழுத்துத் தலையைத் திருப்பி, பின்னங்கால்கள் குறுக்காக விலகும்படி செய்தால், ஓடுவதற்கான உந்துவிசை குறைகிறது. நடையிலும், நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட பெருநடையிலும் இதையே நான் தேர்வேன். முழுப் பாய்ச்சலில் திடீரெனச் செய்தால் குதிரை நிலைதடுமாறி விழக்கூடும் என்பதால், அங்கே பெரிய வட்டத்தில் திருப்பி வட்டத்தைச் சிறிதாக்குவதே பாதுகாப்பு. பற்றிக்கொள்ளக் கழுத்தில் ஒரு வார் கட்டிவைப்பது, நம் சமநிலை குலையும்போது அதன் வாயைப் பிடித்துத் தொங்காமல் காக்கும். விழுந்தபோது அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

ஆகவே, குதிரை இன்னும் கட்டளை அறியாதது என்றால் களம்; கட்டளை அறிந்தும் உலகை அறியாதது என்றால் மூத்த துணையோடு வெளிப்பாதை; குதிரை அமைதியாக இருக்க நம் கைதான் நடுங்குகிறது என்றால் வேறொரு குதிரை. களத்தில் நான்கு வாரங்களுக்கு மேல் தங்குவதற்குக் காரணம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது என் சாய்வு.

அச்சம் எழும்போது இறங்கிவிடலாமா என்பதில் மட்டும் பழைய அறிவுரையிலிருந்து விலகுகிறேன். இறங்கினால் குதிரை வென்றதாக எண்ணிக்கொள்ளும் என்பார்கள். குதிரை வெற்றி தோல்வியைக் கணக்கிடுவதில்லை. எந்தச் செயலுக்கு அடுத்த நொடியில் சுமை விலகியது என்பதை மட்டுமே நினைவில் வைக்கிறது. துள்ளிக்கொண்டிருக்கும்போது இறங்கினால் துள்ளலையே கற்பித்தவர் ஆவோம். அது நின்று ஒரு மூச்சு விட்டபின் இறங்கினால், கற்றது நிற்பதைத்தான். இறங்கி, கைபிடித்து ஐம்பது அடி நடத்தி, இறுக்கம் தளர்ந்ததன் அடையாளமாகத் தலை தாழ்ந்து தாடை அசையத் தொடங்கியதும் அதே இடத்தில் மீண்டும் ஏறி, பத்து அடி நடந்து அன்றைய சவாரியை முடித்துக்கொள்ளலாம்.