கடைவீதியில் ஒரு கரை வேட்டிக் கடை

சேலம் கடைவீதியில் கரை வேட்டியும் கட்சித் துண்டும் கொடியும் விற்கும் சிறிய கடை ஒன்று உண்டு. கறுப்பு சிவப்புக் கரை, இடையே வெள்ளை ஓடும் கரை, காவியும் பச்சையும் சேர்ந்த கரை எனப் பல கட்சிகளின் வேட்டிகள் ஒரே அலமாரியில் இருக்கின்றன. அடுத்த தட்டிலேயே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்களுக்கான மஞ்சள் துணியும், பழனிக்கு நடப்பவர்களுக்கான காவியும் பச்சையும், ஐயப்பனுக்கு மாலை போடுவோருக்கான கறுப்பு வேட்டியும் அடுக்கப்பட்டிருக்கின்றன. கறுப்புத் துணி கேட்டால், "மாலைக்கா, மாநாட்டுக்கா?" என்கிறார் கடைக்காரர். கேலியாகத் தோன்றினாலும் அது தொழில் தெரிந்தவரின் கேள்வி: ஒரு மண்டலம் தினமும் துவைத்துக் கட்டும் துணி வேறு, மேடையில் கசங்காமல் நிற்க வேண்டிய பாலியஸ்டர் கலந்த துணி வேறு.

இந்த ஊரில் அக்கேள்விக்குக் கனம் அதிகம். நீதிக்கட்சி திராவிடர் கழகமானது 1944இல் சேலம் மாநாட்டில்தான். 1971 ஜனவரியில் கடவுள் மறுப்புக் கொள்கை கொண்ட அந்தக் கழகம் இங்கே நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டைக் காட்டி எதிர்த்தரப்பு கடுமையாகப் பிரசாரம் செய்தும், அந்த மார்ச் சட்டமன்றத் தேர்தலில் கழகத்தின் ஆதரவு பெற்ற தி.மு.க. 184 இடங்களில் வென்றது. நெற்றி நிறையத் திருநீற்றுடன் வந்து கறுப்பு சிவப்புக் கரையைத் தேர்ந்தெடுப்பவர்களை இக்கடையில் பார்த்துவிட்டதால், அந்த முடிவு எனக்கு வியப்பளிப்பதில்லை. சாமியை ஒரு தட்டிலும் ஓட்டை இன்னொரு தட்டிலும் வைத்துக்கொள்வதையே இவர்கள் மதச்சார்பின்மையாகக் கொள்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, மதச் சின்னங்களைப் பயன்படுத்தி வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்றது. ஆனால் ஒரே பீஸிலிருந்து வெட்டிய காவித் துணி பழனிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் போகும்போது, அது எந்த இடத்தில் சின்னமாகிறது என்று வகுப்பது வழக்கறிஞர்களுக்கே சிரமம்தான்.

சரக்கைப் பொறுத்தவரை, 8 முழப் பருத்தி வேட்டி நெருக்கமான நெசவுடன் இடுப்பில் நன்றாக நிற்கிறது. ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பையும் வைத்த வகை அவ்வளவு சிலாக்கியமில்லை. கரையின் சிவப்பு முதல் துவைப்பிலேயே வெள்ளையில் இறங்கிவிட்டது பெரிய குறை. வேட்டியைத் திரும்பக் கொண்டுபோனபோது, "சாயம் போனால் மாற்றித் தருவேன், கட்சி மாறினால் மாட்டேன்" என்று சொல்லி, பில்கூடக் கேட்காமல் வேறு கொடுத்தார். விலை பிற கடைகளைவிடச் சற்றுக் கூடுதல். மாநாட்டுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் போகாதீர்கள். துண்டுகள் கட்டுக்கட்டாக வண்டியேறிக்கொண்டிருக்கும், ஒற்றை வேட்டி கேட்பவரைக் கவனிக்க ஆளிருக்காது.