ரிமோட் அலாரமா, ஸ்மார்ட் சாவியா, டிஸ்க் லாக்கா: சந்தில் நிற்கும் வண்டிக்கு எந்தக் காவல்?

பெங்களூரு அல்சூரில், பஜார் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. வாசற்படி இறங்கினால் தெரு. வண்டிக்கென்று தனி இடமோ கேட்டோ கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் சுவரோரமாகப் பதினைந்து, இருபது வண்டிகள் கண்ணாடியோடு கண்ணாடி உரசிக்கொண்டு நிற்கும். கடந்த ஆறு ஆண்டுகளில் என்னுடைய 150 சிசி பைக்குக்கும் மனைவியின் ஸ்கூட்டருக்குமாகச் சேர்த்து, கடையில் வாங்கிப் பொருத்திய ரிமோட் அலாரம், வண்டியோடு வரும் ஸ்மார்ட் சாவி, சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும் அலாரப் பூட்டான டிஸ்க் லாக், வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் ட்ராக்கர் ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டேன். வாங்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, எது திருடனைத் தடுக்கும் என்பது. அதற்கு இணையாகக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, வருடத்தில் 365 நாளும் நம் பேட்டரியும் நம் தூக்கமும் அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் அதைத் தாங்குமா என்பது. என் அனுபவத்தில் பெரும்பாலான சாதனங்கள் இரண்டாவது கேள்வியில்தான் தோற்கின்றன.

இரு சக்கர வண்டி திருடுபோகும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். ஹாண்டில் லாக்கை உடைப்பதற்கு ஆயுதம் தேவையில்லை. ஹாண்டிலைப் பிடித்து வேகமாக ஒரு திருப்பு, அல்லது காலால் ஓர் உதை, அவ்வளவுதான். பிறகு ஒருவர் வண்டியில் உட்கார்ந்துகொள்ள, இன்னொரு வண்டியில் வருபவர் காலைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். இக்னிஷன் வயரைப் பிரித்து ஸ்டார்ட் செய்வதெல்லாம் வேறொரு தெருவில் நிதானமாக நடக்கும். ஆகையால் இன்ஜினைக் கிளம்பவிடாமல் செய்வது, சக்கரத்தை உருளவிடாமல் செய்வது, நம்மை எழுப்புவது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். எந்தப் பெட்டியை விலை பேசினாலும் இவற்றில் எது அதன் வேலை என்று தெரிந்துகொண்டே பேச வேண்டும்.

ரிமோட் அலாரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் விற்பது அதுதான். ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஒரு சைரன், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு கத்தை வயர். சீட்டுக்கு அடியில் இடம் பார்த்து ஒட்டி, அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் அதிர்வு உணரி, வண்டியை யாராவது அசைத்தால் சைரனுக்குச் சொல்லும். திறந்த மைதானத்தில் தனியாக நிற்கும் வண்டிக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். எங்கள் சந்தில் விடியற்காலை தண்ணீர் லாரி, அதன் பின்னால் குப்பை ஆட்டோ, சீட்டின் மேல் குதிக்கும் பூனை, பக்கத்து வண்டியை வெளியே எடுப்பவரின் முழங்கை என்று எல்லாமே அதற்குத் திருடன்தான். தீபாவளி வாரத்தில் ஒரே இரவில் ஏழு முறை எழுந்து போய் அணைத்தேன். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியின் வரம்பு 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சைரன் பெட்டியின் மேல் 110, 120 டெசிபல் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள்.

பிறர் தூக்கம் கெடுவது ஒரு பக்கம் இருக்க, அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பத்தாவது நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் ஜன்னலைத் திறப்பதில்லை. மாடியில் இருக்கும் அக்கா மட்டும், "தம்பி, உங்க வண்டிதான் கத்துது" என்று சில நாள் சொன்னார். பிறகு அவரும் விட்டுவிட்டார். உணர்திறனைக் குறைத்தால் தீருமே என்று கடைசிப் படிக்குக் குறைத்தேன். பிறகு நானே ஸ்டாண்டை மெதுவாக எடுத்து வண்டியைப் பத்தடி உருட்டிப் பார்த்தேன். அலாரம் வாயே திறக்கவில்லை. கூட்டினால் ஊரே எழும், குறைத்தால் நானும் எழமாட்டேன் என்ற நிலைக்கு நடுவே எங்கள் சந்துக்கு ஏற்ற ஓர் அளவு அந்தப் பெட்டியில் இல்லை.

அடுத்தது பேட்டரி. அலாரம் ஆயத்த நிலையில் சும்மா இருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 30 நாள் என்பது 720 மணி நேரம், மொத்தம் 3.6 ஆம்பியர்-மணி. சிறிய பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 3 முதல் 5 ஆம்பியர்-மணிதான். தினமும் ஓடும் வண்டியில் இந்த இழப்பு தெரியாது. பொங்கலுக்குக் கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, ஏற்கெனவே மூன்று வயதான என் பேட்டரி மீட்டரில் 11.6 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். கிக்கர் இல்லாத வண்டி என்பதால் தள்ளிக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போனேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டவன் அந்த அலாரத்தைக் கழற்றியது வேறொரு காரணத்துக்காக. இக்னிஷன் வயரை நடுவில் வெட்டி, ரிலே என்னும் மின் சுவிட்ச் வழியாக இணைத்தால்தான் ரிமோட்டால் இன்ஜினை நிறுத்த முடியும். அந்த இணைப்பை சால்டர் செய்யாமல் முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு மழைக்கால மாலையில் சில்க் போர்டு மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்தது. ஓரம் ஒதுங்கி சீட்டைக் கழற்றிப் பார்த்தபோது டேப் நெகிழ்ந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. வண்டியைக் காக்க வந்த சாதனம் ஓட்டுபவரின் உயிரோடு விளையாடக் கூடாது. ரிமோட் ஸ்டார்ட் வசதியும் இந்த வகைதான்: கியரில் நிற்கும் பைக்கின் ஸ்டார்ட்டரை, கிளட்ச் சுவிட்சையும் சைடு ஸ்டாண்ட் சுவிட்சையும் தாண்டி நேராக இயக்கினால் வண்டி முன்னால் பாயும். அருகில் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கியர் வண்டிக்கு அந்த வயரை இணைக்கவே வேண்டாம் என்று மாட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலிவான ரிமோட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் உண்டு. அவை பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் ஒரே குறியீட்டைத்தான் ஒவ்வொரு முறையும் அனுப்புகின்றன. ஈவி1527 என்ற சில்லு பரவலாகப் பயன்படுகிறது. அதில் குறியீடு 20 பிட், அதாவது பத்து லட்சத்துச் சொச்சம் சாத்தியங்கள். யாரும் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை. நாம் பொத்தானை அழுத்தும்போது பதிவு செய்துகொண்டு திரும்ப அனுப்பினால் போதும், அலாரம் பணிந்துவிடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோடு வகையில் பழைய பதிவு செல்லாது. வாங்குவதானால் அந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வண்டியோடு வரும் ஸ்மார்ட் சாவி இதற்கு நேர்மாறானது: சத்தம் போடாமல், வந்தவர் யார் என்று கேட்கிறது. ஹோண்டா 2023 ஜனவரியில் ஆக்டிவாவில் எச்-ஸ்மார்ட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. யமஹா 2024-இல் ஏராக்ஸ் 155-இன் ஒரு வகையில் கொடுத்தது. சாவி பையிலேயே இருக்க, சுமார் 2 மீட்டர் எல்லைக்குள் வந்தால் குமிழைத் திருப்பி வண்டியை எடுக்கலாம். வயரிங்கை யாரும் வெட்டவில்லை, வாரண்டிக்குப் பங்கம் இல்லை, நள்ளிரவில் யாரும் எழுவதில்லை. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வரும் மனைவிக்கு இது பெரிய நிம்மதி. நானும் அதை வசதி என்ற கணக்கில் மட்டும் சேர்க்க மாட்டேன், ஏனென்றால் பதிவு செய்யப்படாத சாவிக்கு இன்ஜின் கிளம்பாது.

ஆனால் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் சாவி தொங்கும். சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஸ்கூட்டர் நிற்கும். ஒரு நாள் சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியில் நின்று குமிழை அழுத்திப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, வண்டி தயாராகிவிட்டது. அன்றே சாவியின் இடத்தைச் சமையலறை அலமாரிக்கு மாற்றினோம். அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. சாவியை சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டோடு போட்டுவிட்டுப் போவதும் இதே தவறுதான். சாவி அருகில் இருக்கிறது என்றே வண்டி நினைத்துக்கொண்டிருக்கும். சாவியின் சிக்னலை இடையில் வாங்கிப் பெருக்கி வண்டிவரை கொண்டுபோகும் முறையில் வெளிநாடுகளில் ஏராளமான கார்கள் திருடுபோயிருக்கின்றன. சில சாவிகளை முழுவதுமாக அணைத்து வைக்க முடியும். அப்படிப்பட்டதானால் இரவில் அணைத்துவிடுவது நல்லது.

சாவிக்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி: 3 வோல்ட், 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், அந்த அளவுதான் எண்ணாகப் பெயரில் நிற்கிறது. மூடியின் விளிம்புப் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்துத் திருகினால் இரண்டாகப் பிளக்கும். ரப்பர் வளையத்தைத் தவறவிடாமல் திரும்பப் பொருத்துங்கள். அது நகர்ந்திருந்தால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போகும். உதிரி பேட்டரியை உறை பிரிக்காமல் பர்ஸில் வைத்திருக்கிறேன். பிரித்து வைத்தால் சில்லறைக் காசு பட்டு ஷார்ட் ஆகிவிடும். பெரிய பைக்குகளில் வரும், தலைப்பகுதியில் சில்லு பதித்த சிப் சாவியில் இந்தத் தொல்லையே இல்லை. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்தே அந்தச் சில்லு மின்சாரத்தைப் பெறுகிறது. ஆனால் இங்கே ஓடும் பெரும்பாலான 100, 150 சிசி வண்டிகளுக்கு அது வருவதில்லை.

ஸ்மார்ட் சாவியானாலும் சிப் சாவியானாலும், நான்கு பேர் வண்டியைத் தூக்கிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றுவதைத் தடுக்காது. அங்கேதான் டிஸ்க் லாக் வருகிறது. அலாரம் உள்ளதாக வாங்கினால் பூட்டிய சில நொடிகளில் ஆயத்தமாகும். பலவற்றில் ஆறு எல்ஆர்44 செல்கள், வண்டியின் பேட்டரியைத் தொடுவதே இல்லை. பூட்டு சக்கரத்தோடு இருப்பதால் பக்கத்து வண்டி லேசாக உரசுவதற்கெல்லாம் கத்துவதும் குறைவு. முன் சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று தெரியும் பூட்டைப் பார்த்தால் திருடன் அடுத்த வண்டிக்குப் போவான் என்பதே இதன் முதல் பலம். குறை, மறதி. பூட்டோடு வண்டியை எடுத்தால் பிரேக் பிடிக்கும் பகுதியான கேலிப்பரும் டிஸ்க்கும் சேதமாகும், ஆளும் விழலாம். பூட்டு இருப்பதை நினைவூட்ட ஹாண்டிலுக்கு இழுத்து மாட்டும் சுருள் கயிறு இல்லாமல் இதைப் பயன்படுத்தவே கூடாது. ஆக்டிவா 6ஜி போல இரு பக்கமும் டிரம் பிரேக் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குச் சக்கரத்தினூடே கோத்து மாட்டும் சங்கிலிதான்.

ட்ராக்கர் தடுப்பதில்லை, தேடித் தருகிறது. வாங்கும் முன் சிம்மைப் பாருங்கள்: 2ஜி மட்டும் உள்ள கருவி ஜியோவில் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி சேவை இல்லை. அடித்தளப் பார்க்கிங்கில் செயற்கைக்கோள் சிக்னல் எட்டாது. கடைசியாக நின்ற இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். வருடச் சந்தாவை ஒரு முறை புதுப்பிக்க மறந்தால் அது வெறும் டப்பா.

இப்போது என் பைக்கில் டிஸ்க் லாக்கும், உள் பேட்டரியுள்ள ஒரு ட்ராக்கரும். ஸ்கூட்டரில் ஸ்மார்ட் சாவியும், பின் சக்கரத்தை ஜன்னல் கம்பியோடு சேர்க்கும் சங்கிலியும். தெருவோரம் நிறுத்துபவர்களுக்கு இந்த வரிசையையே சொல்வேன். காவலாளி உள்ள அடுக்குமாடியில் ஸ்மார்ட் சாவி ஒன்றே போதும். எந்தச் சாவியானாலும் இரண்டாவதைத் தொலைக்காதீர்கள்: திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் அசல் சாவி இரண்டையும் கேட்பது வழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் ரிமோட் அலாரம்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை முதலில் பெரிய ஆம்பியர் அளவில் இடையில் இணைத்து, அலாரத்தை ஆயத்தம் செய்து, அது அடங்கியபின் மில்லி ஆம்பியருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். 1 மில்லி ஆம்பியருக்குள் என்றால் மாதத்துக்கு 0.72 ஆம்பியர்-மணிதான், வைத்துக்கொள்ளலாம். 4, 5 என்று காட்டினால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே கடையில் டிஸ்க் லாக்கின் விலையைக் கேளுங்கள்.