முதல் பயணக் கேமரா: கேனான் 200டி மார்க் 2-வா, ஆர்50-யா?

பயணத்துக்கு முதல் கேமரா என்றால் என் ஓட்டு ஆர்50-க்குத்தான். பேட்டரி, கார்டோடு 375 கிராம். 200டி மார்க் 2-வோ 449 கிராம். எடையைவிடப் பெரிய விஷயம் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்: தனுஷ்கோடி மாதிரி வெயில் கொளுத்தும் மணலில் நின்று டயலைத் திருப்பினால், படம் வெளிறிப்போவதும் இருண்டுபோவதும் கிளிக் செய்வதற்கு முன்பே ஆர்50-யில் கண்முன் தெரிந்துவிடும், அதனால் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஷட்டர் ஸ்பீடு (ஒளி உள்ளே விழும் நேரம்) எல்லாம் சீக்கிரம் பிடிபடும். 200டி-யின் வியூஃபைண்டரில் அது தெரியாது, எடுத்துப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஆனால் பேட்டரியில் 200டி-யை அடித்துக்கொள்ள முடியாது. வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால், நிறுவனக் கணக்குப்படி ஒரு சார்ஜில் சுமார் 1,070 படம். ஆர்50-யில் திரையைப் பார்த்து எடுத்தால் 370, வியூஃபைண்டரில் இன்னும் குறைவு. சரி, கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய இஎஃப் லென்ஸ்கள் (200டி-யில் நேரடியாகப் பொருந்தும் கேனான் லென்ஸ்கள்) இருந்தால் மட்டும் 200டி-யை யோசிக்கலாம், அப்போதும் அடாப்டர் போட்டால் அவை ஆர்50-யிலும் ஓடும்.