இறக்குமதி மாட்டிறைச்சி: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

வெளிநாட்டு மாட்டிறைச்சியை நாட்டின் பெயரை வைத்தே எடைபோடுகிறோம். ஆனால் ஒரே நாட்டிலிருந்து ஒரே கப்பலில் வந்த மூன்று பொருள்களுக்கு மூன்று விதமாக மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது: வாக்யூம் பேக்கில் வரும் முழுத் துண்டு, உறைந்த கைமா, பர்கருக்காகத் தட்டிய வட்டு.

முழுத் துண்டை வாங்கலாம். பேக்கைப் பார்த்ததும் கறி கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து தெரியும். கெட்டுப்போனது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. காற்றுப்படாததால் வந்த நிறம் அது. பிரித்து வைத்தால் அரை மணி நேரத்துக்குள் சிவந்துவிடும். பிரித்ததும் வரும் லேசான புளித்த வாடையும் அதற்குள் போய்விடும். போகாவிட்டால், அல்லது மேலே வழவழப்பு இருந்தால், தூக்கி எறியுங்கள். நாள் கணக்கில் பளீரென்று சிவந்தே இருக்கும் பேக்கில்தான் கவனம் தேவை. அமெரிக்காவில் பேக்குக்குள் மிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடு சேர்க்க அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அந்த வாயுவால் கறிக்குக் கேடில்லை, ஆனால் கெட்ட பிறகும் நிறம் மாறாது. அங்கே கண்ணை நம்பாமல் தேதியை நம்ப வேண்டும்.

உறைந்த பேக்கில் சிவப்புப் பனி ஒரு மூலையில் திரண்டிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வாங்காதீர்கள். சாம்பல் நிறத்தில் உலர்ந்த திட்டுகள் இருந்தால் ஆபத்தில்லை, ருசிதான் போயிருக்கும்.

இனி, சமைத்தாலும் போகாதவை. பைத்திய மாட்டு நோய் பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்டது. அது மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று 1996இல் அந்த அரசு அறிவித்தது. அதற்குக் காரணமான பிரியான் என்ற புரதம் அடுப்புச் சூட்டுக்கு அழியாது. மூளை, தண்டுவடம் போன்ற பாகங்களை அறுக்கும் இடத்திலேயே நீக்குவதும், 30 மாதத்துக்கு உட்பட்ட மாடுகளாகப் பார்த்து எடுப்பதுமே பாதுகாப்பு. 2008இல் தென்கொரியாவில் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை எதிர்த்து லட்சக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு தெருவில் இறங்கியது இந்த வயது வரம்புக்காகவும்தான். அமெரிக்க இறைச்சிக்கு அந்த வரம்பு கடைசியில் கிடைத்தது. அதை வெறும் பீதி என்று ஒதுக்குவது தவறு; மக்கள் கேட்டது சரியான கேள்வி.

வளர்ச்சி மருந்துகளும் அப்படித்தான். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சிக்கு ஐரோப்பா 1989 முதல் கதவடைத்திருக்கிறது. ராக்டோபமின் என்ற மருந்துக்குத் தசையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பை, உணவுக்கான உலகத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2012இல் ஏற்றது, ஆதரவாக 69, எதிராக 67 என்ற வாக்கில். அரசுகள் அவ்வளவு நெருக்கமாகப் பிரிந்து நின்ற ஒரு விஷயத்தில், வாங்குபவர் தயங்குவதை அறியாமை என்று சொல்ல முடியாது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் அனுமதித்த அளவு இன்னும் அதிகம், முறையே 40, 90. ஆகவே உள்ளுறுப்புகள் வாங்குபவர்கள் மருந்தில்லா வளர்ப்புச் சான்றைக் கட்டாயம் கேளுங்கள்.

துறைமுகத்தில் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். காகிதங்களை முழுக்கப் பார்ப்பார்கள், கறியை மாதிரி எடுத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் லேபிளில் அறுவைக்கூடத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது பிரச்சினை என்றால் சரக்கைத் திரும்பப் பெறுவது அந்த எண்ணை வைத்துத்தான். ஐரோப்பிய லேபிளில் மாடு எங்கே பிறந்தது, வளர்ந்தது, அறுக்கப்பட்டது என்று மூன்றும் இருக்கும். கைமாவுக்கு அந்த விதியிலேயே தளர்வு உண்டு.

கைமாவுக்கு மதிப்பெண் குறைய அது ஒரு காரணம். பெரிய காரணம் கிருமி. ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா துண்டின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், வாணலிச் சூட்டில் செத்துவிடும். அரைக்கும்போது அது உள்ளே போய்விடுகிறது; ஒரே பொட்டலத்தில் பல மாடுகளின் கறியும் கலக்கிறது. முழுத் துண்டுக்கு நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வந்து மூன்று நிமிடம் ஆறினால் போதும். கைமாவுக்கு 71 டிகிரி வேண்டும். ஊசி குத்தி மென்மையாக்கிய துண்டையும் கைமாவாகவே நடத்துங்கள். பர்கர் வட்டில் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுவரை செலுத்துங்கள். மேலிருந்து குத்தினால் வாணலியின் சூட்டைக் காட்டி ஏமாற்றும். உள்ளே சிவப்பு மறைந்ததை வெந்ததற்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள். 71 டிகிரிக்கு முன்பே பழுப்பாகிவிடுகிற கைமா உண்டு. இறக்குமதி வட்டுகளை இந்த அளவு பார்த்துச் சமைக்க முடியாதென்றால் தவிர்த்துவிடுவது நல்லது.

உருக்குவதை ஃப்ரிட்ஜிலேயே செய்யுங்கள். இரண்டு கிலோ துண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். அவசரமென்றால் பேக்கைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் போட்டு அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள். அப்படி உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும், பச்சையாக மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.