பிளாச்சிமடையா, காசர்கோடா: இழப்பீட்டுக்கு எந்த வழி?

கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடை அடுத்த ஊர் மாதிரி. அங்கே 2000இல் கொக்கக்கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் குடிக்க ஆகாததாக மாறியது. ஆலைக் கழிவை உரமென்று உழவர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது தெரியவந்தது. குடத்தோடு தொலைவு நடந்தவர்கள் தமிழ் பேசும் இரவாளர், மலசர் பழங்குடிப் பெண்கள். 2002இல் போராட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004இல் ஆலை நின்றது.

வடகேரளத்துக் காசர்கோட்டில் அரசின் தோட்டக் கழகமே முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தது, 2000 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக. கீழே கிணறுகளும் வீடுகளும் இருந்தன.

பிளாச்சிமடைக்காரர்கள் தனித் தீர்ப்பாயம் கேட்டார்கள். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் 216 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டது. 2011இல் கேரளச் சட்டமன்றம் தீர்ப்பாயத்துக்கான மசோதாவை நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. காசர்கோட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் கொடுக்க 2017இல் உத்தரவு வந்தது. மூன்று மாதக் கெடு. அதற்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள், படுத்த படுக்கையான பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு.

பணம் கைக்கு வந்த வழி நீதிமன்றம்தான். ஆனாலும் என் மனம் தீர்ப்பாயத்தின் பக்கமே. மண், தண்ணீர், கூலியிழப்பு, உடல்நலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, கெடுத்தவனிடமே வசூலிக்கும் ஏற்பாடு அது. 5 லட்சத்தை அரசு கஜானா கொடுத்தது. பூச்சிமருந்து விற்றவர்கள் கொடுக்கவில்லை.