வீட்டு டிரையர் ஷீட்: வினிகர்த் துணி, சாஃப்ட்னர்த் துணி, கம்பளிப் பந்து, எது தேறும்?

ஜனவரி மாதத்தில் டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ துணி உலர்த்தும் டிரையரைத் திறந்து பாலியெஸ்டர் சட்டையை உருவினால் படபடவென்று பொறி தட்டும். ஒற்றைக் காலுறை ஒன்று அதன் முதுகில் ஒட்டிக்கொண்டே வரும். இதற்காகத்தான் கடையில் பெட்டி பெட்டியாக டிரையர் ஷீட் விற்கிறார்கள். ஒரே தடவை போட்டுக் குப்பையில் எறிகிற அந்த ஷீட்டுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் போடலாம் என்று சொல்லப்படும் வீட்டுத் தயாரிப்புகள் மூன்று நான்கு புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் நிஜமான டிரையர் ஷீட் ஒன்றுதான். பெயர் பெற்ற இன்னொன்று வெறும் ஈரத்துணி. ஆனால் நேரம் பார்த்துப் போட்டால் அந்த ஈரத்துணியே போதும்.

கடை ஷீட் என்பது நெய்யாத பாலியெஸ்டர் துணியில் மெழுகு போல ஏற்றிய ஒரு பூச்சு. சூட்டில் அது இளகி, உடைகளின் மேல் மெல்லிய படலமாகப் படியும். தொட்டால் வழவழப்பு, பொறி தட்ட வைக்கும் மின்னேற்றமும் தங்காது. 1960களின் இறுதியில் அமெரிக்கரான கான்ராட் கைசர் செய்த முதல் ஷீட்டே சாஃப்ட்னர், அதாவது துணியை மென்மையாக்கும் திரவம், ஏற்றிய துணிதான். ஆக, வீட்டில் செய்வது ஒன்றும் புதிய வித்தை இல்லை.

முதலில் வினிகர்த் துணி. எல்லோரும் பரிந்துரைப்பது இதைத்தான், தவறாகப் போடப்படுவதும் இதுதான். பழைய பனியன் துணியை 13 செ.மீ. சதுரமாக நான்கு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பனியன் துணி பின்னல் துணி என்பதால் ஓரம் பிரியாது. பழைய வேட்டியும் நன்றாக உறிஞ்சும், ஆனால் ஓரம் மடித்துத் தைக்காவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே நூல் நூலாகப் பிரிந்து பொத்தான்களில் சுற்றிக்கொள்ளும். ஃப்ளீஸ் வேண்டாம். அது பாலியெஸ்டர், தண்ணீரை உறிஞ்சாது, தானே மின்னேற்றம் கிளப்பும். அரை கப் வெள்ளை வினிகரில் (5 சதவீதம்) அரை கப் தண்ணீர் கலந்து, வாயகன்ற கண்ணாடி ஜாடியில் துண்டுகளை ஊற வையுங்கள். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகர மூடியை வினிகர் துருப்பிடிக்க வைத்துவிடும். ஒரு துண்டை எடுத்துச் சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து டிரையரில் போடுவது. செய்முறை இவ்வளவுதான்.

எப்போது போடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பிழிந்த துண்டில் நிற்பது ஒரு தேக்கரண்டி ஈரம். மூன்று கிலோ உடைகள் வாஷிங் மெஷினில் சுழன்று பிழிந்து வந்த பிறகும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும். அதற்குள் ஆரம்பத்திலேயே இந்தத் துண்டைப் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். உடைகள் காய்வதற்கு முன்பே அது காய்ந்து, கடைசியில் மின்னேற்றம் உண்டாகிற நேரத்தில் அதுவும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மின்னேற்றம் உண்டாவது உலர்ந்த இழைகள் ஒன்றோடொன்று உரசும்போது, அதாவது கடைசிப் பத்து நிமிடத்தில். அந்தக் கட்டத்தில் மெஷினை நிறுத்தித் துண்டைப் போடுங்கள். உள்ளே காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறும், ஏற்றம் கசிந்துவிடும். வெறும் தண்ணீரில் நனைத்த கைத்துண்டு இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும், அதில் ஈரம் அதிகம் என்பதால்.

அப்படியானால் வினிகர் எதற்கு? டிரையருக்குள் அதற்குப் பெரிதாக வேலை இல்லை, ஆவியாகிக் குழாய் வழியே போய்விடும். வினிகர் உதவுவது வாஷிங் மெஷினின் கடைசி அலசலில். அங்கே துணியில் தங்கிய சோப்பின் காரத்தையும் கடின நீரின் உப்பையும் எடுத்து, குளியல் துண்டுகளின் விறைப்பைக் குறைக்கும். அடிக்கடி ஊற்றினால் ரப்பர்ப் பாகங்கள் கெடலாம், எப்போதாவது போதும். ப்ளீச் போட்டுத் துவைத்த உடைகளோடு வினிகர் எந்த வடிவிலும் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

வாசனைக்காக ஜாடியில் பத்துச் சொட்டு எலுமிச்சை அல்லது யூகலிப்டஸ் தைலம் விடச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அந்தத் தைலங்களின் ஆவி சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது. டிரையரின் உட்சூடு அதைச் சாதாரணமாகத் தாண்டும், கூடவே பஞ்சும் பறக்கும். மேலும் தைலம் வினிகரில் கரையாமல் மேலே மிதக்கும். முதலில் எடுக்கும் துண்டு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் திட்டாக இறக்கும். இத்தனைக்கும் பிறகு சூட்டில் வாசனையும் பெரிதாக நிற்காது. மணம் வேண்டுமென்றால் பீரோவில் ஒரு வெட்டிவேர் முடிச்சு வையுங்கள்.

எண்ணெய் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம்: எண்ணெய்க் குளியல் துண்டு, தலையில் எண்ணெயோடு படுத்த தலையணை உறை ஆகியவற்றைச் சுடுநீரில் எண்ணெய் போகும்வரை துவைக்காமல் டிரையரில் போடக் கூடாது. சமையல் எண்ணெய் ஊறிய துணி சூடாக மடித்து அடுக்கிய நிலையில் தானே பற்றிக்கொள்ளலாம். டிரையர் கையேடுகளில் இந்த எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை.

சாஃப்ட்னர்த் துணிதான் கடை ஷீட்டுக்கு உண்மையான மாற்று. நம் ஊரில் கம்ஃபர்ட், அமெரிக்காவில் டவுனி என்று சொல்கிற அந்தத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. துண்டுகளை நனைத்துப் பிழிந்து, கொடியில் முழுக்க உலர்த்திவிடுங்கள். உலர்ந்தால் அப்பளம் போல விறைக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு துண்டை நான்கைந்து சுற்றுக்குப் போடலாம். தொட்டால் விறைப்பு போய்த் துவண்டிருந்தால் சரக்கு தீர்ந்தது, மறுபடி நனைக்கலாம். ஈரமாகவே போட்டால் எந்த உடையோடு ஒட்டி நிற்கிறதோ அதில் எண்ணெய்க் கறை மாதிரி திட்டு விழும். விழுந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்துச் சூடான தண்ணீரில் மறுபடி துவைத்தால் போகும், டிரையர் சூட்டில் இன்னொரு தடவை போட்டுவிடாதீர்கள். உங்கள் சாஃப்ட்னர் தயாரிப்பாளர் டிரையருக்கு உகந்தது என்று சொல்லியிருக்கிறாரா என்றும் பாட்டிலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இந்த முறையே வேண்டாம்.

கடை ஷீட்டின் குறைகள் எல்லாம் இதற்கும் உண்டு. குளியல் துண்டு தண்ணீர் உறிஞ்சாது, விளையாட்டு உடை வியர்வையை இழுக்காது. தீப்பிடிக்காத வகையில் செய்த குழந்தைகளின் இரவு உடைக்கு இதைப் போடவே கூடாது, அந்தப் பாதுகாப்பைப் படலம் கெடுத்துவிடும்.

கம்பளிப் பந்து நிதானமான சரக்கு. 100 சதவீதக் கம்பளி நூல் வாங்கும்போது ‘சூப்பர்வாஷ்’ என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். அது சுருங்காதபடி பதப்படுத்தியது, இறுகவே இறுகாது. டென்னிஸ் பந்து அளவுக்கு இறுக்கமாகச் சுற்றி, பழைய நைலான் காலுறையில் போட்டுப் பருத்தி நூலால் கட்டி (கம்பளி நூலால் கட்டினால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்), சுடுநீரில் மூன்று நான்கு தடவை துவைத்து டிரையரில் உலர்த்துங்கள். நூல் நுனி எங்கே என்று நகத்தால் கிளறியும் தெரியாவிட்டால் பந்து தயார். ஆறு பந்து போட்டால் போர்வையும் பெட்ஷீட்டும் உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளாமல் காற்று உள்ளே போகும். மின்னேற்றத்துக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். அலுமினியத் தாள் உருண்டை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஓரம் கிழிந்தால் மெல்லிய துணியை இழுக்கும், விட்டுவிடலாம்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ டிரையர் வைத்திருப்பவர்களுக்குக் காற்றின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் பாலியெஸ்டரைப் பருத்தியோடு சேர்க்காமல் தனியாகப் போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்தால் ஷீட் தேடும் அவசியம் பெரும்பாலும் வராது.

சாஃப்ட்னர்த் துணியோ கடை ஷீட்டோ பயன்படுத்தி வந்தவர்கள் பஞ்சு பிடிக்கும் வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஊடுருவாமல் தட்டில் நிற்பது போல நின்றால் மெழுகு அடைத்திருக்கிறது. சூடான சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும். உள்ளே பளபளக்கும் இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரத்தை அறியும் சென்சார். அதில் படலம் ஏறினால் துணி காயும் முன்பே மெஷின் நின்றுவிடும். பஞ்சில் ரப்பிங் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகே மெஷினை ஓட்டுங்கள்.