பாஸ்ட்ரப்பில் சங்கம் இல்லாத 11 ஏக்கர்: குடியேறி வாழ்ந்த அனுபவம்

டெக்சாஸில் வீடு தேடும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் கிடையாதாமே?" என்பதுதான். கிடையாது. ஆஸ்டினுக்குத் தென்கிழக்கே பாஸ்ட்ரப் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது), நகர எல்லைக்கு வெளியே, 11 ஏக்கர் நிலத்தை ஒரு பழைய வீட்டோடு 2018-இல் வாங்கினோம். சந்தா இல்லை. புல் உயர்ந்துவிட்டது என்று கடிதம் வருவதில்லை. முருங்கை வைக்கவும் கோழி வளர்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அந்த நிம்மதி இன்றுவரை துளியும் குறையவில்லை. ஆனால் வாங்க வருகிறவர்கள் சங்கத்தைப் பற்றி விசாரிக்கும் அக்கறையில் பாதியையாவது தண்ணீர் மீது காட்ட வேண்டும்.

எங்களுக்குக் குழாய் இணைப்பு கிடையாது, ஆழ்துளைக் கிணறுதான். கரீசோ-வில்காக்ஸ் என்னும் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து வருகிறது. தண்ணீரில் இரும்பு அதிகம். வடிகட்டி பொருத்தும்வரை வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பேறியது. ஒரு கோடைக்காலக் காலையில் வீட்டில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பம்ப் போய்விட்டது, பெரிய செலவு என்று பயந்துகொண்டே கிணற்றடிக்குப் போய், அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டும் சிறிய சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மின்தொடர்பு முனைகளுக்கிடையே நெருப்பெறும்புகள் கருகி அப்பிக் கிடந்தன. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடைத்தெடுத்ததும் பம்ப் ஓடியது. இந்தப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். வீட்டைக் காட்டும் தரகர்தான் சொல்லமாட்டார். தோண்டிய ஆழம், கடந்து வந்த மண் அடுக்குகள் எல்லாம் அடங்கிய கிணற்று அறிக்கைகளை மாநில நீர்வள வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது. விலை பேசுவதற்கு முன்பே அக்கம்பக்கத்துக் கிணறுகளின் அறிக்கைகளைப் படித்துவிடுங்கள்.

2021 பிப்ரவரியில் மாநிலமே உறைந்துபோனபோது, மின்சாரம் நின்றால் இங்கே தண்ணீரும் நிற்கும் என்பது உடம்பில் உறைத்தது. நகரத்து நண்பர்கள் இருட்டில் இருந்தார்கள். நாங்கள் இருட்டிலும் இருந்தோம், கழிவறைக்கு வாளியில் பனியை அள்ளி உருக்கிக்கொண்டும் இருந்தோம். புரொப்பேன் தொட்டியில் எரிவாயு இருந்ததால் சமையலும் சூடும் தப்பின. முருங்கை தரைவரை கருகிப் போய், ஏப்ரலில் வேரிலிருந்து துளிர்த்தது. அதன்பிறகு வாங்கிய முதல் பொருள், கிணற்றுப் பம்பை இழுக்கும் திறனுள்ள ஜெனரேட்டர்.

கழிவுநீரும் நம் பொறுப்புதான். இங்கே களிமண் உள்ள இடங்களில் காற்றூட்டும் வகைச் செப்டிக் அமைப்புதான் வைக்கிறார்கள். சுத்திகரித்த நீரை நிலத்தில் தெளித்துவிடும். அதற்குப் போடும் குளோரின் மாத்திரை கழிவுநீருக்கென்றே தயாரானதாக இருக்க வேண்டும். நீச்சல்குள மாத்திரை விலை மலிவு என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வேதிப்பொருள், அதில் உருவாகும் வாயு வெடிக்கக்கூடியது.

சங்கம் இல்லையென்றால் கட்டுப்பாடே இல்லை என்று நினைப்பது தவறு. பத்திரத்தோடு ஒட்டிய நிபந்தனைகள் தனி. பெரிய பண்ணையைத் துண்டு போட்டு விற்றவர் அன்றைக்கு எழுதிவைத்த விதிகள், அமல்படுத்தச் சங்கமே இல்லாவிட்டாலும் நிலத்தோடு தொடர்ந்து வரும். அந்த மனைப்பிரிவில் நிலம் வைத்திருக்கும் பக்கத்துக்காரர் அவற்றை வைத்து வழக்குப் போடலாம். பன்றி வளர்க்கக் கூடாது, நகரும் வீடு வைக்கக் கூடாது என்பவை வழக்கமான வரிகள். கனிம உரிமையும் இப்படித்தான். டெக்சாஸில் மேல்மண் ஒருவருக்கும் அடியிலுள்ள எண்ணெய் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். எண்ணெய் எடுக்கத் தேவையான அளவுக்கு அவர் நம் நிலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே நில உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டும் உரிமைக் காப்பீட்டு நிறுவனம், தன் காப்பில் அடங்காதவை என்று தரும் விதிவிலக்குப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். வழிப் பாத்தியதை, குழாய்ப் பாதை எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும்.

நமக்குக் கிடைக்கும் சுதந்திரம் பக்கத்து நிலத்துக்காரருக்கும் உண்டு. எங்கள் மேற்கு எல்லையில் ஒருவர் ராத்திரி முழுக்கப் பெருவிளக்கு எரிக்கிறார். சனிக்கிழமைகளில் துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு. கவுண்டிகளுக்கு இங்கே நகரங்களுக்கு உள்ளது போல, எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று வகுக்கும் அதிகாரம் கிடையாது, புகார் கொடுக்கப் போனால் கதவு திறக்காது. நேரில் போய்ப் பேசினேன். விளக்கைத் தரைப்பக்கம் திருப்பிக்கொடுத்தார். அதே மனிதர்தான் மண்பாதை மழையில் அரித்துப்போனபோது டிராக்டரோடு வந்து நின்றவர். பாதைக்குச் சரளை போடும் செலவை நான்கு வீட்டார் பகிர்கிறோம். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது நல்லதாயிற்று.

வரியில் மட்டும் அலட்சியம் வேண்டாம். முந்தைய உரிமையாளர் மாடு மேய்த்ததால் நிலத்துக்கு விவசாய மதிப்பீடு இருந்தது, அதாவது சந்தை விலைக்குப் பதிலாக விவசாய வருவாயை வைத்து வரி. சந்தை விலைக்கு வரி கட்டுவதோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய சலுகை. ஆள் மாறினால் நாமே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 5 முதல் 20 ஏக்கர் வரை உள்ள நிலத்துக்குத் தேனீ வளர்ப்பும் செல்லும் என்பதால் நாங்கள் பெட்டிகள் வைத்தோம். நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால், கழிந்த மூன்று ஆண்டுகளின் வித்தியாசத் தொகையைக் கேட்பார்கள்.

காப்பீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, பைன் மரங்கள் வீட்டிலிருந்து எத்தனை அடி தூரம் என்பது. 2011 செப்டம்பரில் இந்தக் கவுண்டியில் மூண்ட காட்டுத்தீ 1,600-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. இங்கே யாரும் அதை மறக்கவில்லை. தன்னார்வத் தீயணைப்புப் படையின் வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டும் என்று வாசல் பாதையை அகலப்படுத்தினோம். வீட்டைச் சுற்றிக் காய்ந்த சருகு சேரவிடுவதில்லை.

அடுத்து மழைநீர்த் தொட்டி. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 600 கேலன் தண்ணீர் கிடைக்கும். மழைநீர்ச் சேகரிப்புச் சாதனங்களுக்கு டெக்சாஸில் விற்பனை வரி இல்லை. கொட்டகையின் தகரக் கூரைக்கு இந்தக் கோடையில், மழைநீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் பீலி அடிக்கப் போகிறோம்.